சீசன் கடைக்கு மாதக் கணக்கு உதவாது: ராமேஸ்வரம் கடைக்காரர்களுக்கு

"வியாபாரம் எப்படி?" என்று ராமேஸ்வரத்துக் கடைக்காரரிடம் கேட்டால், "ஆடி அமாவாசை பரவாயில்லை, ஐயப்பன் சீசன் சுமார்" என்பார். வாய்ப்பேச்சில் நாள் பார்த்துப் பேசுகிறவர், நோட்டில் மட்டும் வாடகையை முப்பதால் வகுத்துத் தினச் செலவு எழுதுவார். அங்கேதான் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

உதாரணத்துக்கு, மாத வாடகை 8,000, கரண்ட் உள்ளிட்ட சில்லறைச் செலவு 2,000 என்றால் வருடத்துக்கு 1,20,000 ரூபாய். சீசனுக்கு மட்டும் வைக்கும் ஆளுக்குக் கூலி 30,000. மொத்தம் ஒன்றரை லட்சம். 365 நாளால் வகுத்தால் நாளுக்கு 411 ரூபாய்தான், நிம்மதியாகத் தெரியும். ஆனால் நன்றாக ஓடுகிற நாள் 100 என்றால், அந்த ஒவ்வொரு நாளும் 1,500 ரூபாய் சுமக்க வேண்டும். விற்பனையில் லாபம் நூற்றுக்கு 25 எனில், 6,000 ரூபாய்க்கு விற்ற பிறகுதான் செலவு அடையும். கடையில் நிற்கிற உங்கள் கூலி இதில் சேரவில்லை. போன வருட விற்பனை நோட்டை எடுத்து, இந்தத் தொகையைத் தாண்டிய நாள்களை மட்டும் காலண்டரில் வட்டமிடுங்கள். அதுதான் உங்கள் சீசன். ஊர் சொல்லும் சீசன் அல்ல.

எல்லாக் கடைக்கும் ஒரே சீசன் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் கோயில் பக்கத்துக் கடைகளில் கோடை விடுமுறைக் கூட்டம் நிற்கும். மீனவர் தெரு மளிகையில் கடன் நோட்டுதான் நீளும். கூட்டம் வரும் வழியும் மாறும். 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது; புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். இடைப்பட்ட காலத்து விற்பனையை வைத்து இப்போது சரக்கு போட்டால் கணக்குத் தப்பும்.

அமாவாசைக் கூட்டம் முந்தின நாள் மாலையே இறங்கிவிடும். விடியுமுன் அக்னி தீர்த்தக் கடலில் குளியல், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம், அதன்பின் உலர்ந்த துணி, தரிசனம். ஆகவே துண்டும் வேட்டியும் விடியற்காலையில் வாசலில் தொங்க வேண்டும். செம்பும் சங்கும் தரிசனம் முடிந்து வருகிறவர்களுக்கு. ஒன்பது மணிக்கு வாசல் சரக்கை மாற்றிப் போடுவது அரை மணி வேலை. வருகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். ஒரு நாற்காலியும், தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் விலைச் சீட்டும் இருந்தால் பேரம் பாதி குறையும்.

துணியை ஒரே தவணையில் இறக்காதீர்கள். நூறு துண்டு தேவை என்றால் பத்து நாள் முன்பு அறுபது, மீதி நாற்பது கூட்டம் தெரிந்த பிறகு. மிஞ்சினால் திருப்பி எடுப்பீர்களா என்று மதுரை மொத்தக் கடையில் கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். இதற்காகத் தண்டல், அதாவது தினவசூல் கடன், வாங்குவதுதான் பெரிய பள்ளம். கையில் 9,000 கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். ஆயிரம்தானே வட்டி என்று தோன்றும். அசல் முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருவதால், அது ஆண்டுக்கு ஏறக்குறைய 80 சதவீத வட்டி. கூட்டமில்லாத நாளிலும் வசூல்காரர் வந்து நிற்பார்.

மிஞ்சிய சரக்கை உப்புக் காற்று சும்மா விடாது. செம்புப் பாத்திரம் பச்சை பூக்கும். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, ஈரம் துளியும் இல்லாமல் வெயிலில் காய்ந்த பிறகே சுற்றி வைக்க வேண்டும். ஈரத்தோடு பாலிதீனில் கட்டினால் முன்னைவிட மோசம். கருப்பட்டி இன்னும் தொல்லை. பதநீர் இறக்கும் கோடையில் விலை இறங்கும், வாங்கிக் குவிக்க ஆசை வரும். ஐப்பசி மழை பிடித்ததும் அது வியர்க்கும், அடியில் பாகு கசியும், மேலே பூஞ்சணம் படரும். சாக்கோடு தரையில் வைக்காதீர்கள். பலகை மேல், வாய் இறுகிய டப்பாவில், ஒரு மாதத்துக்கு விற்கும் அளவு மட்டும் வையுங்கள். திறந்த டப்பாவை முதலில் விற்று முடியுங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை கட்டாயம்; உப்பு ஏறினால் எடை அதற்குள்ளேயே தடுமாறும் என்பதால், வாரம் ஒருமுறை ஒரு கிலோ படிக்கல் வைத்துச் சரிபாருங்கள்.

கடைசியாக, சங்குக் கடைகளுக்கு. பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சிப்பி வகைகளிலும் சில அப்படியே. "கரையில் ஒதுங்கியது, பொறுக்கினோம்" என்பது வனத்துறையிடம் செல்லாது. மிதக்கும் கல் என்று தொட்டியில் போட்டுக் காட்டுவதில் பவளத் துண்டும் கலந்துவிடுகிறது. விற்கிறவர் சொன்னதை நம்பாமல் கையில் எடுத்துப் பாருங்கள்: நட்சத்திரம் நட்சத்திரமாகச் சின்னக் குழிகள் வரிசையாக இருந்தால் வாங்காதீர்கள்.