கவுன்சிலிங்: கலந்தாய்வா, ஆலோசனையா, ஆற்றுப்படுத்தலா?

என் அக்கா மகள் காரைக்குடியில் ஒரு வீட்டின் முன்கட்டை வாடகைக்குப் பிடித்து மனநல மையம் ஒன்று தொடங்கினாள். வாசலில் 'கவுன்சிலிங் சென்டர்' என்று பலகை. திறந்த முதல் வாரமே ஒரு அப்பாவும் பையனும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "கட்-ஆஃப் நூத்தி எழுபத்திரெண்டு வருது மேடம், கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?"

அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பொறியியல் சீட்டுதான். அதற்குக் கலந்தாய்வு என்று தமிழ்ப்பெயர் வைத்து, ஆசிரியர் பணியிட மாறுதல் வரைக்கும் அதை நீட்டியாயிற்று. 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையத்துக்குப் போய்விட்டது. கலப்பதும் ஆய்வதும் போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது. பலகையில் 'கவுன்சிலர்' என்று போட்டிருந்தால் இன்னும் வேடிக்கை. சாக்கடை அடைப்பு என்று வார்டு ஆட்கள் வந்திருப்பார்கள். இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலேயே உண்டு. மன்றத்தைக் குறிக்கும் கவுன்சில் 'கான்சிலியம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்தும், அறிவுரையைக் குறிக்கும் கவுன்சல் 'கான்சிலியும்' என்று ஏறக்குறைய அதே ஒலியுள்ள வேறொரு லத்தீன் சொல்லிலிருந்தும் வந்தவை. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்த இரண்டும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

"மாமா, நீங்கதான தமிழ் வாத்தியார், நல்ல சொல்லாக் குடுங்க" என்றாள். அப்படித்தான் இந்தச் சொல்லின் பின்னால் நான் அலைய நேர்ந்தது.

மதிப்பெண் பட்டியலோடு வந்த அப்பா ஒரு வகையில் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறார். 1908-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்குப் பொருத்தமான தொழிலைக் காட்ட ஒரு நிலையம் தொடங்கினார். கவுன்சிலிங் ஒரு தொழிலாக உருவான கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். மனத்துயருக்கான துணையாக அது முழுமையாகத் திரும்பியதில் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளருக்குப் பெரிய பங்கு உண்டு. 1942-ல் அவர் எழுதிய நூலில் சொன்னது அந்தக் காலத்துக்குப் புதிது: எதிரே இருப்பவருக்குப் புத்தி சொல்லாதே, அவர் சொல்வதைக் கேள், முடிவு அவருடையது. வருகிறவரை நோயாளி என்று அழைப்பதையும் அவர் தவிர்த்தார். அவர் எடுத்த 'கிளையன்ட்' என்ற சொல்லை நம் ஆட்கள் சிலர் 'வாடிக்கையாளர்' என்று மொழிபெயர்க்கிறார்கள். மளிகைக் கடைப் பற்று வரவு நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தமிழர்கள் இதில் நம்மைவிடக் கவனமானவர்கள். அவர்களிடம் கவுன்சிலிங் 'உளவளத்துணை', அதைத் தேடி வருகிறவர் 'துணைநாடி'. அழகான சொற்கள்.

நம் பக்கம் அதிகம் புழங்குவது 'மனநல ஆலோசனை'. வடமொழியிலிருந்து வந்த ஆலோசனைக்கு எண்ணிப் பார்த்தல் என்றுதான் பொருள். ஆனால் வழக்கில் அது யோசனை சொல்வதாகிவிட்டது. வக்கீல் ஆலோசனை, ஆடிட்டர் ஆலோசனை மாதிரி ஃபீஸ் கட்டினால் கையில் ஒரு தீர்வு கிடைக்கும் என்று நினைத்துதான் ஆட்கள் வருகிறார்கள். கானாடுகாத்தான் பக்கமிருந்து வந்த ஓர் ஆச்சி இதை ஒரே வரியில் முடித்துவிட்டாக. "யோசனை சொல்ல ஊர்ல ஆளா இல்ல ஆத்தா? கேக்கத்தான் ஆளு இல்ல."

ஆச்சியுடையது பெரிய வீடு. முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளம். பங்காளிகளெல்லாம் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா. கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் கூடுவார்கள்; மூன்றாம் நாள் பூட்டு. ஆச்சியும் ஒரு சமையல்காரம்மாவும்தான் மிச்சம். அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போன நகரத்தார் ஆண்கள் ஒரு கணக்குக்கு மூன்று ஆண்டு என்று தங்கினார்கள். வீட்டில் பெண்கள் காத்திருந்தார்கள். அப்போதாவது வளவைச் சுற்றி நாலைந்து புள்ளிகள், அதாவது குடும்பங்கள், தனித்தனியே அடுப்பு மூட்டினாலும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். இப்போது வளவில் வெயில் மட்டும் விழுகிறது.

இந்த ஆச்சிக்குப் பொருந்துகிற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சிவகங்கைச் சீமையில் சாவு வீட்டுக்குப் போவதைக் 'கேதம் கேட்கப் போறது' என்போம். கேதம் என்றால் துக்கம், வடமொழிச் சொல். கவனிக்க வேண்டியது வினையை: கேட்பது. போகிறவர் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி ஆச்சு, கடைசியா என்ன சாப்பிட்டாக என்று கேட்கிறார். வீட்டுக்காரர் அதே கதையை இருபதாவது முறையாகச் சொல்கிறார். சொல்லச் சொல்லக் கொஞ்சம் ஆறுகிறது. இதைத்தானே கவுன்சிலிங் என்று படிப்பாக வைத்திருக்கிறார்கள்? ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கேதம் கேட்க வந்தவர் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லிவிடுவார். சொத்துத் தகராறோ குடியோ பிள்ளையின் காதலோ ஒருவர் காதில் விழுந்தால் அடுத்த வட்டகைக்குப் போய்ச் சேர அரை நாள் போதும். கேட்டது வெளியே போகாது என்ற உறுதி அந்த மரபில் இல்லை. இந்தத் தொழிலில் அதுதான் அடித்தளம்.

இனி 'ஆற்றுப்படுத்தல்'. குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளுக்கான அரசு விளம்பரங்களில் 'ஆற்றுப்படுத்துநர்' என்ற பணியின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பிடித்த சொல் இது. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்து என்றால் வழியில் செலுத்து. பரிசு பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, எதிரே வரும் வறியவனை நடுவழியில் பார்த்து, தான் பெற்றதைச் சொல்லி, நீயும் போ என்று வழி காட்டுவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இந்த வகை. அதில் மலைபடுகடாம் என்னும் கூத்தராற்றுப்படை, நன்னன் என்ற சிற்றரசனிடம் போகிற வழியில் எங்கே வழுக்கும், எங்கே பாம்பு கிடக்கும், எந்தச் சிற்றூரில் சோறு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகும். வழி சொல்கிறவனும் நேற்றுவரை பசியில் கிடந்தவன்தான் என்பதே இதில் எனக்கு முக்கியம். உயரத்திலிருந்து சொல்லும் புத்திமதி இல்லை. ஆனால் பொருத்தம் முழுமையானதும் இல்லை. ஆற்றுப்படையில் போய்ச் சேரும் இடம் முன்பே தெரியும். கவுன்சிலிங்கில் அதை வந்தவரேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தக் குறையை இன்னொரு 'ஆற்று' ஈடுகட்டுகிறது. அகராதியில் இது தனிச்சொல்; சூடு தணிவதைக் குறிக்கும் ஆறு என்ற வினையின் பிறவினை. காபியை ஆற்றுகிறோம், ஈரத் தலையை ஆற்றுகிறோம். புண் ஆறுகிறது, மனசு ஆறவில்லை. ஆறுதலும் இந்தக் குடும்பம்தான். கலித்தொகையின் 133-ஆம் பாட்டில் தலைவனிடம் தோழி சொல்கிறாள்: 'ஆற்றுதல் என்பது ஒன்று அலந்தவர்க்கு உதவுதல்'. அலந்தவர் என்றால் துன்பத்தில் தவிப்பவர். பரிவு, இரக்கம் என்று தனியாகத் தேட வேண்டியதில்லை. உதவி அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. வேரில் வெவ்வேறான இரண்டு சொற்கள் காதில் ஒன்றாக விழுகின்றன. மொழியியலாளர் ஒப்ப மாட்டார். பலகை எழுதுகிறவனுக்கு இது லாபம்தான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஆற்றுப்படுத்துநர் மாத்திரை எழுதுவதில்லை. அது மனநல மருத்துவரின் வேலை. தூக்கமே இல்லை, காதில் குரல் கேட்கிறது, சாக வேண்டும் போலிருக்கிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. எந்த நேரமும் 14416-ஐக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. 2022-ல் தொடங்கிய அந்தச் சேவைக்குத் தமிழ்நாடு அரசு வைத்த பெயர் 'நட்புடன் உங்களோடு'. நல்ல பெயர், எந்த அகராதியும் வேண்டாம்.

சரி, பலகை. 'உளவள ஆற்றுப்படுத்தல் மையம்' என்று எழுதிக் கொடுத்தேன். பெயின்டர் தலையைச் சொறிந்தார். "ஆத்துப் பாசனம் மாதிரி இருக்கு சார். ஊருணி ஊர்ல ஆறு எங்க இருக்கு?" கடைசியில் அந்தப் பெயரைப் பெரிய எழுத்திலும், கீழே 'மனநல கவுன்சிலிங்' என்று சின்ன எழுத்திலும், அதற்கும் கீழே அக்கா மகள் சொன்ன ஒரு வரியையும் எழுதினோம்: 'மனம் விட்டுப் பேசலாம். பேசியது வெளியே போகாது.'

மே மாதம் ஆனால் மதிப்பெண் பட்டியலோடு இன்னும் வருகிறார்கள். அவள் திருப்பி அனுப்புவதில்லை. அப்பாவை முகப்பில் உட்காரச் சொல்லிவிட்டு, பையனிடம் மட்டும் பத்து நிமிஷம் பேசுகிறாள்.