கொட்டைப்புல் அல்ல, கோரை

'நட் கிராஸ்' என்ற ஆங்கிலப் பெயரை இரண்டாக வெட்டி, தமிழில் 'கொட்டைப்புல்' என்று எழுதுவது பெருகிவருகிறது. அந்தச் சொல்லின் இரண்டு பாதியும் பிழை. வயலிலும் புல்தரையிலும் இந்தக் களையின் பெயர் கோரை. மண்ணுக்குள் இருப்பது கோரைக்கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் அதுவே முத்தக்காசு.

கோரை நம் சொல், மலையாளத்தில் 'கோர'. முத்தக்காசில் வடமொழி 'முஸ்தா' இருக்கிறது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த அறிவியல் பெயர் சைப்பரஸ் ரொட்டண்டஸ். ரொட்டண்டஸ் என்றால் உருண்டை.

முதலில் 'கொட்டை'. தமிழில் கொட்டை என்றால் விதை. அந்தப் பெயரைப் படிப்பவர், பூக்கும் முன் அறுத்துவிட்டால் களை ஒழியும் என்றே நினைப்பார். இந்தக் கோரையின் விதை முளைப்பது அரிது. அது பரவுவது கிழங்கால். கம்பி போன்ற தண்டில் கிழங்குகள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும், பெரும்பாலும் மேல் 15 செ.மீ. மண்ணுக்குள். மேலே இருப்பதைப் பிடுங்கினால் சங்கிலி அறுந்து, அதுவரை உறங்கிய கிழங்குகள் முளைக்கும். ஈரத்தில் ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஓட்டினால் வயல் முழுக்க நட்டுவிட்ட மாதிரிதான். கோடையில் உழுது, கிழங்கை மேலே புரட்டி வெயிலில் காயவிட்டால் சாகும்.

அடுத்து 'புல்'. இதில் நட்டம் கூடுதல். புல்லைக் கொல்லும் குயிசலோபாப் போன்ற மருந்து கோரையை ஒன்றும் செய்யாது. பெயரை நம்பி உளுந்தில் அடித்தவருக்குப் புல் சாகும், அந்த இடத்தையும் கோரை பிடித்துக்கொள்ளும். கரும்பில் கோரைக்கென்றே உள்ள களைக்கொல்லி ஹாலோசல்பியூரான் மீத்தைல் 75 சதக் குருணை: ஏக்கருக்கு 36 கிராம், கோரை 3-4 இலை விட்ட பருவத்தில்.

"புறக்காழ், அதாவது வெளிப்புறம் வைரம் பாய்ந்தவை, எல்லாம் புல் என்று தொல்காப்பியமே சொல்கிறதே" என்று வாதிடுவோர் உண்டு. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும்கூடப் புல்தான். களைக்கொல்லிப் புட்டியின் மேல் அந்த இலக்கணம் உதவாது. பேச்சில் 'கோரைப்புல்' என்பார்கள், பேச்சில் இருக்கட்டும். நம் வேளாண் நூல்கள் புல், கோரை, அகன்ற இலை என்று களைகளை மூன்றாகப் பிரித்தே வைத்திருக்கின்றன. ஆங்கிலம்தான் இங்கே தடுமாறி, பிறகு 'நட்செட்ஜ்' என்று திருத்திக்கொண்டது; 'செட்ஜ்' என்றால் கோரை. அவர்கள் கைவிட்டுவரும் பிழையை நாம் ஏன் புதிதாக மொழிபெயர்க்க வேண்டும்? அகராதியை மட்டும் திறந்து, வரப்பில் நிற்பவரைக் கேட்காமல் பெயர்ப்பதன் விளைவு இது. அறிவியல் பெயரைச் 'சைப்ரஸ்' என்று ஒலிபெயர்ப்பது இன்னும் மோசம். அது தீவு நாட்டின் பெயராகவும் ஊசியிலை மரத்தின் பெயராகவும் போய்விடும்.

ஐயம் இருந்தால் பூத்தண்டை விரலிடையே உருட்டிப் பார்க்கலாம். கோரையின் தண்டு மூன்று பட்டை, கணு இல்லை, உள்ளே கெட்டி. இலைகள் மூன்று வரிசை. புல்லின் தண்டு உருளை, கணு உண்டு, பெரும்பாலும் உள்ளே பொள்ளல். இலைகள் இரண்டு வரிசை.

கோரை என்று மட்டும் எழுதினாலும் போதாது. நெல் வயலின் ஊசிக்கோரைக்கும் வட்டக்கோரைக்கும் கிழங்கு கிடையாது, விதையால் வருபவை. அவற்றைப் பூக்கும் முன் பிடுங்கினாலே போதும். ஆகவே இந்தக் களையைக் 'கிழங்குக்கோரை' என்று எழுதுவதே தெளிவு.