டர்போவைக் கழற்ற முன் ட்ரைவ் பிரஷரைப் பாருங்கள்

மலையகத்தில் டீசல் வண்டி ஏற்றத்தில் இழுக்காவிட்டால் பழி முதலில் டர்போ மேல்தான் விழும். "அண்ணே, டர்போ போயிருச்சு. ரீகண்டிஷன் ஒன்னு பார்த்துத் தாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் பலர் வண்டியைக் கராஜுக்குள் விடுகிறார்கள். கழற்றிப் பார்த்தால் சாஃப்டில் ஆட்டம் இருக்காது, பிளேடும் முழுசாக இருக்கும். கோளாறு வேறெங்கோ. அதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு அளவை எங்கள் பக்கம் அநேகமாக யாரும் எடுப்பதில்லை.

வெளியேறும் புகையால் சுழன்று டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம் பூஸ்ட். அது எல்லோருக்கும் தெரியும். சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸோஸ்ட் மெனிபோல்டுக்கும் அந்தப் புகை சுழற்றும் டர்பைன் சக்கரத்துக்கும் நடுவில் புகை முட்டிக்கொண்டு நிற்கிறதே, அந்த அழுத்தம்தான் ட்ரைவ் பிரஷர். பூஸ்ட் இலவசமாக வருவதில்லை, இதைக் கொடுத்துத்தான் அதை வாங்குகிறோம். டயர் காற்றை அளக்கும் அதே பி.எஸ்.ஐ கணக்கில், 20 பி.எஸ்.ஐ பூஸ்ட் வரும்போது ட்ரைவ் பிரஷர் 20க்கும் 25க்கும் இடையில் நின்றால் அருமை. 30 என்றாலும் ஓட்டலாம். 40ஐத் தொட்டால் எங்கோ அடைப்பு, இல்லாவிட்டால் அந்த இன்ஜினுக்கு டர்போ சின்னது.

40 என்றால் எவ்வளவு பாரம்? டொயோட்டா கே.டி.எச் வேனில் வரும் 3 லீட்டர் 1கேடி இன்ஜினை எடுங்கள். பிஸ்டனின் விட்டம் 96 மி.மீ. புகையை வெளியே தள்ள மேலே ஏறும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிஸ்டன் ஏறக்குறைய 200 கிலோ பாரத்தை எதிர்த்து ஏறுகிறது. காற்று உள்ளே வரும்போது 20 பி.எஸ்.ஐ பூஸ்ட் அதில் பாதியைத் திருப்பித் தரும். மீதி 100 கிலோவுக்கு டீசல் எரிகிறது, வண்டிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. முழுசாக வெளியேறாத சுடு புகை சிலிண்டருக்குள்ளேயே தங்கிப் புதுக் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சூடு ஏறும், மெனிபோல்டில் வெடிப்பு விழும், கேஸ்கட் ஊதும்.

இந்தத் தொல்லை கொழும்பை விட இங்கே அதிகம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 11.7 அளவில்தான் இருக்கும். கீழே 15 பூஸ்டில் கிடைக்கும் காற்று மேலே கிடைக்க டர்போ 18 தர வேண்டும், அதுவும் மெல்லிய காற்றிலிருந்து. கம்ப்யூட்டர் உள்ள வண்டி அந்தக் குறையை உணர்ந்து புகை பாயும் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் டர்போவின் இறக்கைகளை இன்னும் மூடும், ட்ரைவ் பிரஷர் ஏறும். பழைய மெக்கானிக்கல் பம்ப் லொறிக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. அதே டீசலைக் கொட்டிவிட்டுக் கறுப்பாகப் புகைக்கும். றம்பொடை ஏற்றத்தில் அப்படிப்பட்ட லொறிக்குப் பின்னால் மாட்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் டர்போ லொறி ஒன்று வந்தது. டர்போ மாற்றியாயிற்று, இன்ஜெக்டர் செய்தாயிற்று, இழுவை மட்டும் வரவில்லை. பாரத்தோடு ஏற்றத்தில் அளந்தேன். பூஸ்ட் 9, ட்ரைவ் பிரஷர் 27. டர்போவுக்குப் பின்னால் எக்ஸோஸ்ட் பிரேக்கின் தட்டு கரி பிடித்து, பாதி மூடிய நிலையில் இறுகியிருந்தது. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதே அந்தத் தட்டு புகையை மறிப்பதால்தான். டிரைவர் சுவிட்சை அணைத்த பிறகும் அது மறித்துக்கொண்டே இருந்தது. பாவம் அந்த லொறி, பிரேக்கை மிதித்துக்கொண்டே மலை ஏறியிருக்கிறது. தட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, ரிட்டர்ன் ஸ்பிரிங்கை மாற்றிய பிறகு பூஸ்ட் 14, ட்ரைவ் பிரஷர் 17. தோட்டப் பாதையில் கல் அடித்து நசுங்கிய சைலன்சரும் இதே வேலையைச் செய்யும், அதையும் குனிந்து பாருங்கள்.

இரண்டு அளவையும் சேர்த்து வாசிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. பூஸ்ட் குறைவு, ட்ரைவ் பிரஷர் கூட என்றால் புகை போகும் வழியில் அடைப்பு, அல்லது டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்து காற்று வெளியே போகிறது. டர்போ அதை ஈடுகட்டத்தான் மாரடிக்கிறது. இரண்டுமே குறைவு என்றால் மெனிபோல்ட் கேஸ்கட், திறந்தபடி மாட்டிக்கொண்ட வேஸ்ட்கேட் (மிஞ்சிய புகையை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் கதவு), அடைபட்ட டீசல் ஃபில்டர் பக்கம் போங்கள். புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர் உள்ள வேன்களில் ட்ரைவ் பிரஷர் எப்போதும் பூஸ்டை விடக் கொஞ்சம் கூடவே நிற்கும். புகை திரும்பி உள்ளே போக அது வேண்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எனக்குக் கோபம் வருவது வேஸ்ட்கேட்டை இயக்கும் ஆக்சுவேட்டர் கம்பியைத் திருகி "பூஸ்ட் ஏத்தித் தாரேன்" என்பவர்கள் மேல். கேஜில் 4 பி.எஸ்.ஐ கூடியதைக் காட்டிக் காசு வாங்கிவிடுவார்கள். சின்ன டர்போவில் அந்த 4க்காக ட்ரைவ் பிரஷர் 10, 12 என்று ஏறியிருக்கும், அதை யாரும் காட்டுவதில்லை. அதிகமாக ஏறினால் மூடியிருக்க வேண்டிய எக்ஸோஸ்ட் வால்வையே அந்த அழுத்தம் பின்னாலிருந்து தள்ளித் திறக்கப் பார்க்கும். ஸ்பிரிங் தளர்ந்த பழைய இன்ஜினாக இருந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. மெனிபோல்டில் டர்போவுக்கு முன்னால் ஒரு துளை போட்டு மரை வெட்ட வேண்டும். டர்போவை இறக்கி வைத்துவிட்டுத் துளையுங்கள், ஒரு இரும்புத் துருவல் போதும் டர்பைன் சக்கரத்தைக் கெடுக்க. ஏற்றத்தில் புகையின் சூடு 600 பாகை செல்சியஸைத் தாண்டுவதால் ரப்பர் ஹோஸை நேரே மாட்டக் கூடாது. ஒரு மீட்டருக்குக் குறையாமல் இரும்பு பிரேக் பைப்பைச் சுருட்டி மாட்டி, அதன் முனையில்தான் ஹோஸும் 60 பி.எஸ்.ஐ வரை காட்டும் கேஜும். கேஜ் துளையை விட உயரத்தில் இருக்கட்டும், பைப்பில் சேரும் தண்ணீர் கீழே வடிந்துவிடும். சும்மா நிற்கும் வண்டியில் ரேஸ் கொடுத்துப் பார்த்து ஒன்றும் விளங்காது. பாரம் ஏற்றி, நீளமான ஏற்றத்தில், மூன்றாம் கியரில், ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து எடுத்தால்தான் அது அளவு. டிரைவர் பாதையைப் பார்க்கட்டும். கேஜைப் பார்க்கப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும்.