டிவோயைசேஷன் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்லலாம்?

ஒரு கருவிக்குள் ஓடும் மென்பொருளின் மூலநிரல், அதாவது நிரலாளர் எழுதிய வடிவம், நம் கைக்கு வருகிறது. அதைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் தொகுத்தும் வைத்துக்கொள்ளலாம். உரிமம் இதற்கெல்லாம் இடம் தருகிறது. ஆனால் திருத்திய மென்பொருளை அதே கருவியில் ஏற்றினால் கருவி ஓட மறுக்கிறது. தயாரித்த நிறுவனத்தின் மின்கையொப்பம் உள்ள நிரலை மட்டும்தான் அது ஏற்கும். இந்த நிலைக்குத்தான் டிவோயைசேஷன் என்று பெயர். பூட்டப்பட்ட ஸ்மார்ட்போன்கள் பற்றிய சண்டையில் அடிக்கடி அடிபடும் சொல் இது. பிறந்ததோ ஒரு டிவி பெட்டியிலிருந்து.

டிவோ என்பது 1999இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கருவி. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வன்தட்டில் பதிந்து, வேண்டும்போது பார்க்க உதவியது. உள்ளே ஓடியது லினக்ஸ் கெர்னல், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் கரு. அது ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின், 1991இல் வெளியான இரண்டாம் பதிப்பின் கீழ் வருவது. மென்பொருளை யாருக்குக் கொடுத்தாலும் மூலநிரலையும் கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. டிவோ நிறுவனமும் கொடுத்தது. ஆனால் பெட்டி துவங்கும்போதே கெர்னலின் கையொப்பத்தைச் சரிபார்த்தது. நிரலில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது, பெட்டி துவங்காது. ஜிபிஎல் உரிமத்தை எழுதியவரும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை 1985இல் நிறுவியவருமான ரிச்சர்ட் ஸ்டால்மன், அந்தப் பெட்டியின் பெயரையே எடுத்து இந்தச் செயலுக்குச் சூட்டினார்.

தன் கருவியில் ஓடும் நிரலைத் தன் விருப்பப்படி மாற்றுவது கட்டற்ற மென்பொருளின் அடிப்படைச் சுதந்திரங்களில் ஒன்று. டிவோ அதைத் தாளில் விட்டுவைத்துக் கருவியில் பறித்துக்கொண்டது என்பது ஸ்டால்மனின் குற்றச்சாட்டு. இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு எழுதப்பட்டது. 2006 ஜனவரியில் முதல் வரைவு, 2007 ஜூன் 29 அன்று இறுதி வடிவம். முதல் ஐபோன் கடைக்கு வந்ததும் அதே நாளில்தான். தற்செயல்தான், ஆனாலும் அடுத்த பல ஆண்டுகளின் சண்டையில் பூட்டிய போனும் அதை எதிர்க்கும் உரிமமும் ஒரே நாளில் வந்து நின்றதுபோல எனக்குப் படுகிறது.

மூன்றாம் பதிப்பின் 6ஆம் பிரிவைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். இந்த உரிமத்தில் உள்ள மென்பொருளை ஒரு நுகர்பொருளோடு சேர்த்து விற்றால், திருத்திய நிரலை அதில் நிறுவி ஓட்டத் தேவையான தகவலையும் தர வேண்டும். கையொப்பத் திறவுகோல் தேவைப்பட்டால் அதுவும் இதில் அடங்கும். நுகர்பொருள் என்பதற்கு அது தரும் வரையறை, தனி ஆளோ குடும்பமோ வீட்டுத் தேவைக்காகப் பயன்படுத்தும் பொருள் என்பது. இந்த வரையறை அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. அதாவது, மென்பொருள் போராளிகள் தங்கள் முக்கியமான பிரிவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். நுகர்வோர் உரிமை வேறு, மென்பொருள் சுதந்திரம் வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே பிரிவில் விலக்குகளும் உண்டு. மாற்றவே முடியாத ரோம் சில்லில் நிரலை எழுதிவிட்டால், அதாவது தயாரித்தவர் உட்பட யாராலும் அதை மாற்ற முடியாது என்றால், நிறுவும் தகவலைத் தர வேண்டியதில்லை. மாற்றப்பட்ட கருவிக்கு உத்தரவாதமோ பராமரிப்போ தொடர்ந்து தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாற்றம் வலையமைப்பின் இயக்கத்தைப் பாதித்தால் இணைப்பை மறுக்கலாம். ரோம் விலக்கை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருவி மாறாமல் இருப்பதை இந்த உரிமம் எதிர்க்கவில்லை. விற்றவரால் மாற்ற முடியும், வாங்கியவரால் முடியாது என்ற ஏற்றத்தாழ்வைத்தான் எதிர்க்கிறது.

எதிர்ப்பு பெரிய இடத்திலிருந்து வந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மூன்றாம் பதிப்பை ஏற்கவில்லை. கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. நிரலில் செய்த திருத்தங்கள் திரும்பி வந்தால் போதும், வன்பொருளை எப்படி அமைப்பது என்பது அதைச் செய்பவரின் முடிவு என்பது அவர் நிலை. இதன் நீட்சியாக வருவதுதான் நுகர்வோர் தேர்வு வாதம்: பூட்டிய கருவி பிடிக்கவில்லையா, வாங்காதே. பிடித்தவர் வாங்கட்டும். அவருக்கு எது நல்லது என்று நீ யார் சொல்ல?

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. போனில் கெர்னலை மாற்றுவது பெரும்பாலோரின் கனவல்ல. நல்ல கேமராவும் நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரியும் கேட்டு வாங்குகிறவரை அறியாதவர் என்று பேசுவது ஆணவம். கட்டற்ற மென்பொருள் பக்கம் நிற்கும் சிலர் அப்படிப் பேசித் தங்கள் வழக்கையே கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் தேர்வு என்பது வாங்கும் கணத்தில் முடிந்துவிடுகிறது, போன் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் நம்மிடம் இருக்கிறது. போன் துவங்கும்போது முதலில் ஓடி இயங்குதளத்தை ஏற்றும் நிரல் பூட்லோடர். அது பூட்டியிருந்தால் வேறு இயங்குதளத்தை ஏற்ற முடியாது. ஹூவாவே நிறுவனம் அந்தப் பூட்லோடரைத் திறக்கும் குறியீடுகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவந்தது. 2018இல் நிறுத்திவிட்டது. எல்ஜி 2021இல் போன் தொழிலையே விட்டது, அந்த ஆண்டின் இறுதியோடு பூட்லோடர் திறக்கும் சேவையையும் மூடியது. திறக்கலாம் என்று நம்பி வாங்கி, உடனே திறக்காமல் வைத்திருந்தவர்களின் தேர்வு என்ன ஆனது? தயாரிப்பாளர் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்திய பழைய போனுக்கு லினேஜ் ஓஎஸ் போன்ற தன்னார்வலர் திட்டங்கள் மறுவாழ்வு தருகின்றன. பூட்லோடர் திறக்காத போனுக்கு அந்த வழியும் பெரும்பாலும் இல்லை. ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றிலும் அதே லினக்ஸ் கெர்னல்தான் ஓடுகிறது, மூலநிரலைத் தரும் கடமையும் இருக்கிறது. அது கிடைத்தாலும் அந்தப் போனில் அதனால் பயனில்லை.

சரி, பாதுகாப்பு? கையொப்பச் சரிபார்ப்பு இல்லாவிட்டால், திருடியவரோ உளவு பார்ப்பவரோ போனுக்குள் வேறு நிரலை ஏற்றிவிடலாமே? உண்மையான கவலை. இதற்கு விடையும் ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது. கூகுளின் பிக்சல் போன்கள் பலவற்றில் பூட்லோடரைத் திறந்து, வேறு இயங்குதளத்தை ஏற்றி, அந்த இயங்குதளத்தின் திறவுகோலைப் பதிந்து, மறுபடியும் பூட்டிவிடலாம். கிராஃபீன் ஓஎஸ் இப்படித்தான் நிறுவப்படுகிறது. சரிபார்ப்பு அப்படியே இருக்கிறது, எதை நம்புவது என்பதை மட்டும் உரிமையாளர் முடிவு செய்கிறார். பூட்டு பாதுகாப்புக்குத் தேவைதான். சொந்தக்காரரிடம் திறவுகோலைத் தராமல் இருப்பது பாதுகாப்புக்குத் தேவையில்லை.

சொல்லின் எல்லையையும் குறித்துக்கொள்வோம். பூட்டிய கருவி எல்லாவற்றையும் டிவோயைசேஷன் என்று சொல்லிவிட முடியாது. ஐபோனின் இயங்குதளம் பெரும்பகுதி ஆப்பிளின் தனியுடைமை, அதை மாற்றும் உரிமையை ஆப்பிள் யாருக்கும் தந்ததே இல்லை. அது வேறு பிரச்சினை. கட்டற்ற உரிமத்தில் வந்த நிரலின் மாற்றும் உரிமையை வன்பொருள் வழியாக முடக்கினால்தான் இந்தச் சொல் பொருந்தும். 2011 ஜனவரியில் விஎல்சி என்ற காணொளி இயக்கி ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டதையும் சிலர் இதில் சேர்ப்பார்கள். அங்கே மோதியது ஜிபிஎல் உரிமமும் கடையின் பயன்பாட்டு விதிகளும். கையொப்பப் பூட்டு அந்தத் தகராறின் மையம் அல்ல.

இப்போது தமிழ்ச் சொல். டிவோவாக்கம் என்று ஒலிபெயர்ப்பது எளிது, ஆனால் அந்தப் பெட்டியையே பார்த்திராதவருக்கு அது எதையும் சொல்லாது. கட்டற்ற மென்பொருளைத் தளையறு மென்பொருள் என்று சொல்லும் வழக்கத்தை ஒட்டி வன்தளை என்று ஆக்கலாம். வன்பொருளால் இட்ட தளை என்று பொருள் நிற்கும், சுருக்கமாகவும் இருக்கிறது. எனக்குப் பிடித்த சொல்தான், ஆனாலும் தளை எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. கையொப்பப் பூட்டு என்ற சொல் தொழில்நுட்பத்தைத் தெளிவாகக் காட்டினாலும், குற்றத்தைப் பூட்டின் மேல் சுமத்திவிடுகிறது. பாதுகாப்பு வாதம் எழும்போது இந்தச் சொல் நம்மைக் கைவிட்டுவிடும்.

ஆகவே என் பரிந்துரை திறவுகோல் மறுப்பு. மூன்றாம் பதிப்பின் 6ஆம் பிரிவு கேட்பதும் இதையே, ரோம் விலக்கோடும் இது ஒத்துப்போகிறது: யாரிடமும் திறவுகோல் இல்லாத இடத்தில் மறுப்பதற்கும் ஒன்றுமில்லை. சாவி மறுப்பு என்றாலும் தவறில்லை. சாவி போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த சொல், ஆனால் வந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது. தகவலை மறைத்து எழுதும் நுட்பமான மறையீட்டியலில் பொதுத் திறவுகோல், தனித் திறவுகோல் என்று எழுதும் பழக்கம் இருப்பதால் முந்தையதையே எடுத்துக்கொண்டேன்.

புழக்கத்தில் இப்படி வரும்: “இந்த போனின் மூலநிரல் கிடைக்கிறது, ஆனால் இது திறவுகோல் மறுத்த கருவி.” “பூட்லோடரைத் திறக்க விடுகிறார்கள், நம் திறவுகோலால் மீண்டும் பூட்ட விடுவதில்லை, ஆகவே இது பாதித் திறவுகோல் மறுப்பு.” “திறவுகோல் மறுக்காத போன் எது என்று பார்த்துச் சொல்.”