கனடாவில் படித்து முடித்தவருக்கு பிஆர்: எந்தக் கெடு எங்கே தடுக்கும்?

கனடாவில் படித்தால் பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை, உறுதி என்று சொல்லித்தான் பல ஏஜென்ட்கள் ஆள் சேர்க்கிறார்கள். அப்படி ஓர் உறுதியை அந்த நாட்டு அரசு யாருக்கும் தருவதில்லை. ஸ்டடி பெர்மிட் படிப்பதற்கான தற்காலிக அனுமதி, அவ்வளவுதான். படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க இன்னோர் அனுமதி வாங்க வேண்டும். அந்த வேலை அனுபவத்தைக் காட்டி, மதிப்பெண் வைத்து ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பதிய வேண்டும். மதிப்பெண் எட்டினால் அழைப்பு வரும். நிரந்தர வசிப்புரிமைக்கான விண்ணப்பம் அதற்கு அப்புறம்தான்.

ஒவ்வொரு படிக்கும் தனி விதி, தனிக் கெடு. படிப்பு, வேலை, ஆங்கிலம் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு தேதி தவறியதால் கை நழுவிப் போவது இதில் சாதாரணமாக நடக்கிறது. அதனால் தகுதிப் பட்டியலை ஒப்பிப்பதைவிட, நாள் கணக்கை வைத்தே விளக்குகிறேன். கியூபெக் மாகாணம் தன் ஆட்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது. இங்கே சொல்லும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழி மற்ற மாகாணங்களில் குடியேற விரும்புகிறவர்களுக்கானது.

வாழ்நாளில் ஒரே ஒரு முறை

படிப்புக்குப் பிறகு கிடைக்கும் ஒர்க் பெர்மிட்டை எல்லோரும் பிஜிடபிள்யூபி என்றுதான் சொல்கிறார்கள். இதை ஒருவர் ஒரு முறைதான் வாங்க முடியும். இன்னொரு டிப்ளமோ படித்தாலும் இரண்டாவது கிடைக்காது.

எட்டு மாதத்துக்குக் குறைவான படிப்புக்கு இது இல்லை. எட்டு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் முடியும் படிப்பு என்றால், படிப்பு எவ்வளவு காலமோ பெர்மிட்டும் அவ்வளவு காலம். இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல் என்றால் மூன்று வருடம். 2024 பிப்ரவரி 15 முதல் முதுகலைப் படிப்புக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்தாலும், எட்டு மாதமாவது இருந்தால் மூன்று வருட பெர்மிட் கிடைக்கும்.

இந்தக் கணக்கைக் கல்லூரியில் சேரும் முன்பே போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வருட சர்டிபிகேட் படித்தவருக்கு ஒரு வருட பெர்மிட். வேலை தேடவே இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். மீதி ஒன்பது பத்து மாதத்தில், பிஆருக்குத் தேவையான ஒரு வருட வேலை அனுபவம் முடியாது. அந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலேயே வழி பாதி அடைபட்டுவிட்டது. சேர்த்துவிட்டவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். பணம் குறைவு என்று ஒரு வருடப் படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 நவம்பர் 1 முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. பல்கலைக்கழகப் பட்டதாரிகள் மொழித் தேர்வில் சிஎல்பி 7 (கனடிய மொழித்திறன் அளவுகோலில் 7-ஆம் நிலை), கல்லூரி டிப்ளமோ முடித்தவர்கள் பெரும்பாலும் சிஎல்பி 5 காட்ட வேண்டும். அந்தத் தேதி முதல் ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்து டிப்ளமோ, சர்டிபிகேட் படிப்பவர்களுக்கு, படித்த துறையும் அரசின் பட்டியலில் இருந்தாக வேண்டும். இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டங்களுக்குத் துறைக் கட்டுப்பாடு இல்லை. பட்டியல் அவ்வப்போது மாறுகிறது. கல்லூரி விளம்பரத்தை நம்பாமல், குடிவரவுத் துறையான ஐஆர்சிசியின் இணையதளத்திலேயே துறையின் எண்ணைத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி வாடகைக்கு எடுத்து நடத்தும் படிப்புகளில் 2024 மே 15 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்களுக்கு பிஜிடபிள்யூபி கிடையாது.

படிக்கும்போது ஒரு செமஸ்டரில் பாடத்தைக் குறைத்துப் பகுதிநேர மாணவராகிவிட்டாலும் சிக்கல்தான். கடைசி செமஸ்டருக்கும், முறைப்படி வாங்கிய விடுப்புக்கும் மட்டும் விலக்கு உண்டு. வேலை நேரம் அதிகம் கிடைக்கிறதென்று ஒரு பாடத்தைக் கைவிடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

விண்ணப்பிக்கக் கெடு, படிப்பை முடித்துவிட்டீர்கள் என்று கல்லூரி உறுதிசெய்ததிலிருந்து 180 நாள். பட்டமளிப்பு விழாவிலிருந்து எண்ணக் கூடாது. ஆனால் 180 நாள் இருக்கிறதே என்று ஆற அமர இருக்க முடியாது. ஸ்டடி பெர்மிட்டில் என்ன தேதி போட்டிருந்தாலும், படிப்பு முடிந்த 90-ஆம் நாளோடு அது செல்லாததாகிவிடும். அது செல்லுபடியாக இருக்கும்போதே விண்ணப்பித்தவர்தான், பதில் வரும்வரை முழுநேர வேலை பார்க்க முடியும்.

பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். அது முடியும் தேதியைத் தாண்டி பெர்மிட் தர மாட்டார்கள். மூன்று வருடத்துக்குத் தகுதி இருந்தும், பாஸ்போர்ட் பதினான்கு மாதத்தில் முடிகிறதென்றால் பெர்மிட்டும் பதினான்கு மாதம்தான். மீதியை அப்புறம் கேட்டு வாங்கலாம், ஆனால் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. முதலிலேயே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுவது நல்லது.

எந்த வேலை கணக்கில் வரும்

படித்து முடித்தவர்களில் அதிகம் பேர் வருவது எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் கனடிய அனுபவப் பிரிவில். சுருக்கமாக சிஇசி. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குள், கனடாவில் ஒரு வருடம், அதாவது 1,560 மணி நேரம், திறன் சார்ந்த வேலை பார்த்திருக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரம்தான் எண்ணுவார்கள். வாரம் 50 மணி நேரம் உழைத்து ஏழெட்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. பகுதிநேரமாக வாரம் 15 மணி என்றால் இரண்டு வருடம் ஆகும்.

முழுநேர மாணவராக இருந்தபோது பார்த்த வேலை கணக்கில் வராது, படிப்பின் பகுதியான கோ-ஆப் வேலையும் வராது. சொந்தத் தொழிலும் சேராது. இந்தக் கடைசி விதியில்தான் பலர் அறியாமல் மாட்டுகிறார்கள். அலுவலகத்தில் தினமும் போய் உட்கார்ந்து வேலை பார்த்தாலும், சம்பளப் பட்டியலில் சேர்க்காமல் காண்ட்ராக்டர் என்று இன்வாய்ஸ் வாங்கிப் பணம் கொடுத்தால், அதைச் சுயதொழில் என்று அதிகாரி எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். வேலையில் சேரும்போதே டி4 (வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும்) படிவம் தருவீர்களா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை.

அடுத்தது வேலையின் வகை. கனடா எல்லா வேலைகளுக்கும் ஐந்து இலக்க என்ஓசி எண் கொடுத்திருக்கிறது. அதில் இரண்டாவது இலக்கம்தான் அந்த வேலையின் டீர் நிலை. 0, 1, 2, 3 என்றால் சிஇசிக்குச் செல்லும். 4, 5 என்றால் செல்லாது. சமையல்காரரின் எண் 63200, எனவே டீர் 3. அதே உணவகத்தில் பரிமாறுபவர் 65200, டீர் 5. அலுவலகத்தில் நிர்வாக உதவியாளர் 13110, பொது அலுவலகப் பணியாளர் 14100. பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு வழி திறக்கும், இன்னொருவருக்குத் திறக்காது.

இதைத் தீர்மானிப்பது பதவியின் பெயர் அல்ல. என்ஓசியில் அந்த எண்ணுக்குக் கீழே எழுதியிருக்கும் பணிகளை நீங்கள் உண்மையில் செய்தீர்களா என்றுதான் பார்ப்பார்கள். அதற்குச் சான்று, நிறுவனம் தரும் பணிக் கடிதம். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த பணிகள், கையெழுத்திட்டவரின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும். "இவர் இங்கே வேலை பார்த்தார், நல்லவர்" என்ற இரண்டு வரிக் கடிதம் போதாது. பல நிறுவனங்களின் எச்ஆர் பிரிவு பணி விவரம் எழுதித் தர மறுக்கிறது. அப்படியானால் மேலாளரிடம் தனிக் கடிதம் வாங்கி, சம்பளச் சீட்டு, டி4, வேலைக்குச் சேர்த்த ஒப்பந்தம் எல்லாவற்றையும் சேர்த்து, ஏன் இப்படித் தருகிறேன் என்று ஒரு விளக்கமும் வைக்கலாம். பணிகளை என்ஓசியில் இருப்பதுபோல வரிக்கு வரி காப்பியடித்து வைக்காதீர்கள். அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். நீங்கள் செய்ததை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். கடிதத்தை வேலையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். நிறுவனம் மூடிவிட்டாலோ மேலாளர் மாறிவிட்டாலோ யாரிடம் போய்க் கேட்பது?

மதிப்பெண்ணின் நிலவரம்

தகுதி இருந்தால் பட்டியலில் சேரலாம். அழைப்பு வருவதற்கு, 1,200-க்குக் கணக்கிடும் சிஆர்எஸ் மதிப்பெண் வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வயது 26, திருமணமாகாதவர், கனடாவில் முதுகலை, ஆங்கிலத்தில் நான்கு பிரிவிலும் சிஎல்பி 9, கனடாவில் ஒரு வருட வேலை. வயதுக்கு 110, படிப்புக்கு 135, மொழிக்கு 124, வேலைக்கு 40, படிப்பையும் மொழியையும் சேர்த்துத் தரும் மதிப்பெண் 50, கனடாவில் படித்ததற்கு 30. மொத்தம் 489.

யாரைக் கேட்டாலும் நல்ல தகுதி என்றுதான் சொல்வார்கள். ஆனால் 2025-இல் சிஇசி டிராக்கள் (அழைப்பு அனுப்பும் சுற்றுகள்) எல்லாம் 500-க்கு மேல்தான் நின்றன. 2021 பிப்ரவரி 13 அன்று ஒரே டிராவில் 75 மதிப்பெண்வரை இறங்கி 27,332 பேரை அழைத்தார்கள். பெருந்தொற்றால் எல்லை மூடியிருந்த காலம் அது. அதைக் காட்டி இன்னும் நம்பிக்கை விற்கிறவர்கள் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம்.

மேலே சொன்னவர் நான்கு பிரிவிலும் சிஎல்பி 10 எடுத்தால் 501. இன்னொரு வருடம் வேலையும் பார்த்திருந்தால் 514. ஆக, கையில் இருக்கும் வழிகளில் செலவு குறைந்தது மொழித் தேர்வை மறுபடி எழுதுவதுதான். ஐஈஎல்டிஎஸ் என்றால் ஜெனரல் ட்ரெய்னிங் எழுத வேண்டும். கல்லூரியில் சேர எழுதிய அகாடமிக் செல்லாது. முடிவு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். பிஜிடபிள்யூபிக்காக எழுதிய தேர்வு, பிஆருக்கு விண்ணப்பிக்கும் நாளில் காலாவதியாகியிருக்கலாம். தேதியைக் குறித்து வையுங்கள்.

வயது எதிர்ப்பக்கம் இழுக்கிறது. 29 முடியும்வரை 110. 30-இல் 105, 31-இல் 99, பிறகு வருடத்துக்கு ஐந்தாறு குறைந்துகொண்டே போகும். இன்னொரு படிப்பு படித்தால் மதிப்பெண் கூடும் என்று யோசிப்பவர்கள் இந்த இழப்பையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு முன்பு 50 அல்லது 200 மதிப்பெண் இருந்தது. அந்தக் கடிதங்களைக் காசுக்கு விற்கும் மோசடி பெருகியதால், 2025 மார்ச் 25 முதல் அந்த மதிப்பெண்ணையே எடுத்துவிட்டார்கள். இன்றும் பிஆர் மதிப்பெண் கூடும் என்று சொல்லி எல்எம்ஐஏ கடிதத்துக்கு (வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க நிறுவனம் அரசிடம் வாங்கும் ஒப்புதல்) பணம் கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார். அப்படி விற்பது சட்டப்படியும் குற்றம்.

மாகாண நியமனம் கிடைத்தால் 600 மதிப்பெண் கூடும், அழைப்பு ஏறக்குறைய நிச்சயம். ஆனால் அதுவும் அரசு ஒதுக்கும் இடத்தைப் பொறுத்தது. 2024-இல் 1,10,000 ஆக இருந்த இலக்கை 2025-இல் 55,000 ஆகப் பாதியாக்கினார்கள். அட்லாண்டிக் மாகாணங்கள் நான்கிலும் தனித் திட்டம் உண்டு. அங்கே படித்தவர்களுக்கு முன் அனுபவம் இல்லாமலே, அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் வேலை தந்தால் வழி கிடைக்கலாம்.

பிரெஞ்சை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். நான்கு பிரிவிலும் நிலை 7 எட்டியவர்களுக்கென்றே தனி டிரா நடக்கிறது. 2025 மார்ச்சில் அதன் கட்-ஆஃப் ஒரு முறை 410, இன்னொரு முறை 379. படிக்கும் காலத்திலேயே தொடங்கினால் இரண்டு மூன்று வருடத்தில் எட்டக்கூடிய நிலை அது. கஷ்டம்தான்; ஆனால் டிப்ளமோவுக்கு மேல் டிப்ளமோ படிப்பதைவிட உருப்படியான முயற்சி.

அழைப்பு வந்தால் 60 நாள்

அழைப்பு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் முழு விண்ணப்பமும் போய்ச் சேர வேண்டும். கடந்த பத்து வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் வாழ்ந்த, கனடா தவிர்த்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்றிதழ் வேண்டும். படிப்புக்கு முன் வேறு நாட்டில் வேலை பார்த்தவர்கள் இதில்தான் திணறுவார்கள். 2025 ஆகஸ்ட் 21 முதல் மருத்துவப் பரிசோதனையையும் விண்ணப்பிக்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். கட்டணம் 2024 ஏப்ரல் 30 நிலவரப்படி 950 டாலர், அதோடு வசிப்புரிமைக் கட்டணம் 575 டாலர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இது உயரும்.

பத்து வருட வரலாற்றில் ஒரு மாதம்கூட இடைவெளி விடக் கூடாது. வேலை இல்லாமல் இருந்திருந்தால் அப்படியே எழுதுங்கள். எந்த நாடாவது எப்போதாவது விசா மறுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மறைத்தது தெரிந்தால் ஐந்து வருடத் தடை. திருமணமானவர், மனைவியோ கணவரோ கூட வராவிட்டாலும் பெயரைக் காட்டியாக வேண்டும். விட்டுவிட்டால், பின்னால் அவரை ஸ்பான்சர் செய்து அழைக்கும் வழியே அடைபட்டுப் போகும்.

பிஜிடபிள்யூபி முடியப்போகும் நிலையில் இருப்பவர்களுக்கு இந்த இடம் முக்கியம். பிஆர் விண்ணப்பம் முழுமையானது என்று ஏற்கப்பட்டபின், பழைய பெர்மிட் உயிரோடு இருக்கும்போதே பிரிட்ஜிங் ஓப்பன் ஒர்க் பெர்மிட் கேட்டால், முடிவு வரும்வரை வேலையைத் தொடரலாம். அழைப்பு இன்னும் வராமல், பட்டியலில் பெயர் மட்டும் இருந்தால் இது கிடைக்காது. பெர்மிட் முடிந்துவிட்டால் மறுநாளே வேலையை நிறுத்த வேண்டும். 90 நாளுக்குள் தகுதிநிலையை மீட்கக் கேட்கலாம்; ஆனால் அனுமதி இல்லாமல் பார்த்த வேலை அனுபவமாக எண்ணப்படாது, அதுவே விண்ணப்பத்துக்கு எமனாகவும் ஆகலாம். எனவே பெர்மிட் முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: கடைசி ஆறு மாதத்தில் அழைப்பு வரவில்லையென்றால், மாகாணத் திட்டத்தையோ வேறு ஒர்க் பெர்மிட்டையோ அப்போதே தேடத் தொடங்க வேண்டும்.

பணம் வாங்கி விண்ணப்பம் போட்டுத்தர வழக்கறிஞர்களுக்கும், மாகாண வழக்கறிஞர் சங்கத்தில் பதிவு பெற்ற பாராலீகல்களுக்கும் (சட்டப் பணியாளர்கள்), கியூபெக் நோட்டரிகளுக்கும், குடிவரவு ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பில் பதிவு செய்தவர்களுக்கும்தான் உரிமை உண்டு. ஆலோசகரின் பெயரை அந்த அமைப்பின் பொதுப் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். யார் போட்டுத் தந்தாலும், அனுப்பும் முன் படிவம் முழுவதையும் உங்கள் கண்ணால் படித்து, ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் தவறான தகவல் இருந்தால், எழுதியவர் யாராக இருந்தாலும் ஐந்து வருடத் தடை விழுவது உங்கள் பெயரில்தான்.