டார்ச் லைட்டைத் தட்டினால் ஏன் எரிகிறது?

டார்ச் லைட் எரியவில்லை என்றால் உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவோம். யாரும் நமக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் தட்டினால் பெரும்பாலும் எரிந்துவிடுகிறது. ஏன் எரிகிறது என்று பிடித்துவிட்டால், தட்டாமலே எரியவைக்கவும் வழி தெரிந்துவிடும்.

என்னிடம் இருப்பது சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற ஏஏ பேட்டரிக் கட்டை ஒன்றே ஒன்றில் எரியும் சின்ன அலுமினிய டார்ச். கட்டைவிரல் தடிமன்தான் இருக்கும். பின்பக்கம் ரப்பர் பொத்தான். பேனாவை அழுத்துவதுபோல ‘டிக்’ என்று அழுத்த வேண்டும். இரவில் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கத்தான் அதை அதிகம் எடுப்பேன். மூன்று வருடம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் பாதிப் படியில் அணைய ஆரம்பித்தது. புதுக் கட்டை போட்டேன், அதே கதை. பொத்தானைக் கொஞ்சம் சாய்த்து அழுத்தினால் எரியும், கை எடுத்தால் மினுக்கும். சுவிட்ச் போய்விட்டது என்று முடிவுகட்டினேன். அது அவசரப்பட்ட முடிவு.

இந்த மாதிரி டார்ச்சில் மின்சாரம் போகும் வழியை ஒருமுறை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். கட்டையின் அடிப்பாகம் ஒரு ஸ்பிரிங்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கிலிருந்து சுவிட்சுக்குள் இருக்கும் தகடுகள். அங்கிருந்து சுவிட்சைத் தாங்கும் சின்ன வட்டப் பலகை. அந்தப் பலகையை இறுக்கிப் பிடிக்கும் மரை போட்ட வளையம். வளையத்திலிருந்து பின்மூடி, மூடியிலிருந்து குழாய், குழாயிலிருந்து தலைப்பகுதி, அங்கே எல்இடியை ஓட்டும் சர்க்யூட், கடைசியில் கட்டையின் மேல்முனை. இங்கே தனியாக ஒயர் எதுவும் கிடையாது; நாம் கையில் பிடித்திருக்கும் அலுமினியக் குழாய்தான் ஒயர். எண்ணிப்பார்த்தால் ஏழு இடங்களில் ஓர் உலோகம் இன்னோர் உலோகத்தைப் ஈயப் பற்றவைப்பு (சால்டரிங்) எதுவும் இல்லாமல், வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கிறது. சுவிட்ச் என்று நாம் சொல்வது அந்த ஏழில் ஒன்றுதான்.

இந்தத் ‘தொடுதல்’ நாம் நினைக்கிற அளவுக்கு நல்ல தொடுதல் இல்லை. இரண்டு பலாப்பழங்களை ஒன்றோடொன்று முட்ட வைத்தால் எங்கே தொடும்? சில முள்முனைகள் மட்டும்தான் தொடும், மற்ற இடமெல்லாம் இடைவெளி. வழவழப்பாகத் தெரியும் பித்தளைத் தகடும் நுண்ணோக்கியில் அப்படித்தான் கரடுமுரடாக இருக்கும். மின்சாரம் முழுவதும் அந்தச் சில முனைகள் வழியாக நெருக்கியடித்துக்கொண்டுதான் போக வேண்டும். இதைக் கணக்குப் போட்டு விளக்கியவர்களில் முக்கியமானவர் ஸ்வீடனைச் சேர்ந்த ராக்னர் ஹோல்ம். அவருடைய சூத்திரப்படி, 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஒரே ஒரு சுத்தமான செம்பு முனை தொட்டாலும் தடை ஒரு மில்லிஓமைத் தாண்டாது. அதாவது முனைகள் கொஞ்சமாக இருப்பது பிரச்சினையே இல்லை. அவை சுத்தமாக இல்லாததுதான் பிரச்சினை.

செம்பில் களிம்பு ஏறும் என்பது நம் ஊரில் தத்துவம் பேசுகிறவர்கள்கூட உவமை சொல்லும் அளவுக்குப் பழைய சேதி. பித்தளையிலும் ஏறும். அலுமினியத்துக்குத் துருவே பிடிக்காது என்று சொல்லிக்கொண்டாலும், காற்றுப் பட்டவுடன் அதன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஓர் ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மின்சாரத்தைக் கடத்தவும் கடத்தாது. டார்ச்சின் வெளிப்புறத்துக்குக் கறுப்பு, நீலம் என்று நிறம் கொடுக்கும் அனோடைசிங்கும் வேண்டுமென்றே கனமாக வளர்த்த அதே ஆக்சைடுதான். அதனால்தான் குழாயின் விளிம்பை மட்டும் நிறம் இல்லாமல் பளபளவென்று விட்டிருப்பார்கள்.

இப்போது தட்டுவதற்கு வருவோம். தட்டும்போது கட்டையும் ஸ்பிரிங்கும் மயிரிழை அளவு நகர்கின்றன. பழைய முனைகள் விலகி, படலம் கீறி, புது உலோகம் தொடுகிறது, விளக்கு எரிகிறது. ஆனால் அதே நகர்வுதான் நோய்க்கும் காரணம். பைக்கில், பையில், சட்டைப் பையில் கிடந்து அதிர்ந்துகொண்டே இருக்கும்போது தொடும் இடங்கள் ஓயாமல் உரசுகின்றன. மேல்பூச்சு தேய்கிறது, தேய்ந்த பொடி ஆக்சைடாகி அங்கேயே தங்கிவிடுகிறது. கடலோர ஊர் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்ச் இருபது வருடம் ஆனாலும் மினுக்காமல் இருக்க, இது மட்டும் ஏன் இப்படி? அங்கே 230 வோல்ட் இருக்கிறது. மெல்லிய படலம் இருந்தாலும் அந்த அழுத்தம் அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். போதாததற்கு, அணைக்கும்போது தெறிக்கும் சின்னத் தீப்பொறி படலத்தை எரித்துவிடும். ஒற்றைக் கட்டையின் 1.5 வோல்ட்டுக்கு அந்தத் தெம்பு கிடையாது. சின்ன மின்சாரத்துக்கு வீட்டுச் சுவிட்சைவிடச் சுத்தமான சுவிட்ச் தேவை என்பது கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அதுதான் நிலைமை.

எல்இடி வந்தபிறகு இது இன்னும் கூர்மையாகிவிட்டது. வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் அளவுக்கு வேண்டும். கட்டை தருவதோ 1.5. உள்ளே இருக்கும் சர்க்யூட் அதை உயர்த்திக் கொடுக்கிறது. நல்ல வெளிச்சத்தில் கட்டையிலிருந்து ஓர் ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் எங்கோ 0.3 ஓம் தடை இருந்தால் 0.3 வோல்ட் அங்கேயே போய்விடும், ஐந்தில் ஒரு பங்கு. குறைந்த வோல்ட்டை ஈடுகட்ட சர்க்யூட் இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். அதனால் இழப்பு இன்னும் கூடும். கடைசியில் சர்க்யூட் கையை விரித்துவிடும். பழைய குண்டு பல்பாக இருந்தால் கொஞ்சம் மங்கலாக எரிந்து தொலைத்திருக்கும்.

இன்னொரு வேடிக்கை. கூடுதல், நடுத்தரம், குறைவு என்று வெளிச்சம் மாற்றும் பல டார்ச்சுகளில், பொத்தானைப் பாதி அழுத்தி விட்டால் அடுத்த நிலைக்குப் போகும். மின்சாரம் ஒரு நொடிக்கும் குறைவாக அறுந்து திரும்பி வந்ததை வைத்துத்தான் சர்க்யூட் அதைப் புரிந்துகொள்கிறது. தொடர்பு மோசமானால் நடக்கும்போதே டார்ச் தானாக நிலை மாற்றிக்கொள்ளும். சர்க்யூட்டில் கோளாறு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யாரோ பொத்தானை அழுத்துவதாகப் பாவம் அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

சரி, ஏழு இடங்களில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பின்மூடியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். கட்டை குழாய்க்குள்ளேயே இருக்கட்டும். ஒரு துண்டுச் செம்பு ஒயரையோ காகிதக் கிளிப்பையோ எடுத்து, ஒரு முனையைக் கட்டையின் அடியிலும் மறுமுனையைக் குழாயின் நிறம் இல்லாத விளிம்பிலும் அழுத்திப் பிடியுங்கள். மின்சாரம் எல்இடி வழியாகத்தான் போகிறது என்பதால் இது ஷார்ட் ஆகாது. லித்தியம் கட்டை போட்ட டார்ச் என்றால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். கட்டையை வெளியே எடுத்து அதன் இரு முனைகளையும் தவறிக்கூட ஒயரால் இணைத்துவிடக் கூடாது. இப்படிப் பிடிக்கும்போது விளக்கு அசையாமல் எரிந்தால் தலைப்பகுதி குற்றமற்றது. கோளாறு மூடியிலோ அதன் மரையிலோ இருக்கிறது. அப்போதும் மினுக்கினால் தலைப்பக்கம் பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டர் இருப்பவர்கள் உடனே ஓம் அளக்கப் போவார்கள். சாதாரண மீட்டரின் ஒயர்களுக்கே சில பத்தில் ஒரு பங்கு ஓம் தடை இருக்கும்; நாம் தேடுவதும் அதே அளவுதான். அதனால் ஓம் அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கிளிப் வைத்துப் பார்ப்பது மேல்.

என் டார்ச் கிளிப் வைத்ததும் பகல் போல எரிந்தது. மூடிக்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்பிரிங்கைச் சுற்றியிருக்கும் மரை வளையத்தில் இரண்டு சின்னக் குழிகள் உண்டு. நோஸ் பிளையரின் இரு முனைகளையும் அதில் வைத்துத் திருப்பினேன், முக்கால் சுற்று இறுகியது! தளர்ந்த வளையம், அவ்வளவுதான். சின்ன டார்ச்சுகளில் சுவிட்ச் போய்விட்டது என்று சொல்லப்படுவதில் பாதி இந்த வளையமாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

ஆனால் நான்கு நாள் கழித்து மறுபடி மினுக்கியது. இந்த முறை மரை. மூடியின் மரையில் பழைய கிரீஸும் அலுமினியப் பொடியும் கலந்து கறுப்பாக ஒரு பசை. செல்போன் பழுதுபார்க்கும் கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அதைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். கைக்குப் போடும் சானிடைசர் ஜெல்லை எடுத்துவிடாதீர்கள், அதிலிருக்கும் கிளிசரின் அங்கேயே தங்கிவிடும். குழாயின் விளிம்பையும் ஸ்பிரிங்கின் நுனியையும் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். உப்புத்தாள் வேண்டாம், ஸ்பிரிங்கின்மேல் இருக்கும் நிக்கல் பூச்சு மிக மெல்லியது, அது போனால் அடியிலுள்ள உலோகம் சீக்கிரம் களிம்பேறும். புளி போட்டு விளக்குவதும் குத்துவிளக்கோடு நிற்கட்டும். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஸ்பிரிங் இடுக்கில் தங்கும் மிச்சத்தைக் கழுவி எடுக்க முடியாது.

கட்டை கசிந்திருந்தால் விஷயம் வேறு. அல்கலைன் கட்டை கசிந்த இடத்தில் வெள்ளைப் பொருக்காக இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட், காரம். ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். மலிவான துத்தநாக-கார்பன் கட்டையின் கசிவு அமிலத் தன்மை உள்ளது, அதற்கு ஆப்ப சோடா கரைசல்.

மரைக்குக் கடைசியாகச் சிலிக்கோன் கிரீஸ் ஒரு துளி. கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாதே என்று கேட்கலாம். இறுக்கும்போது முனைகள் தொடும் இடத்திலிருந்து அது பிதுங்கி விலகிவிடும். சுற்றியுள்ள பள்ளங்களில் நின்று காற்றையும் ஈரத்தையும் தடுக்கும். வேசலின் வேண்டாம், சில வகை ரப்பர் வளையங்களை உப்ப வைத்துவிடும்.

இவ்வளவுக்கும் சரியாகவில்லை என்றால் சுவிட்சையே திறக்கலாம். உள்ளே பேனா போன்ற ஒரு பற்சக்கரமும் ஒரு குட்டி ஸ்பிரிங்கும் கடுகளவு செம்புத் தகடும் இருக்கும். தகட்டில் கறுப்புத் தெரிந்தால் துடைத்து மூடலாம். பற்றவைப்புக் கோலைக் கிட்டே கொண்டுபோனால் பிளாஸ்டிக் உருகி, பொத்தான் அழுந்தவே அழுந்தாது. தேவையில்லாமல் ஆர்வத்தில் நானும் திறந்துபார்த்தேன். திறந்த நொடியில் குட்டி ஸ்பிரிங் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. செல்போன் விளக்கை வைத்து அரைமணி நேரம் தேடினேன்.