ஒலிம்பிக் வாலிபாலில் ஒரு நாட்டுக்கு இடம் கிடைப்பது எப்படி?

ஊர்ப்பக்கம் இரவு நேர வாலிபால் போட்டி என்றால் நோட்டீஸில் இருக்கும் நம்பருக்குப் பேசி, நுழைவுக் கட்டணத்தைக் கட்டினால் போதும், உங்கள் அணி ஆடலாம். ஒலிம்பிக்கில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சர்வதேச வாலிபால் கூட்டமைப்பில் 222 நாட்டுச் சங்கங்கள் உறுப்பினராக இருக்கின்றன. ஒலிம்பிக்கில் ஆடுவது ஆண்களில் 12 அணி, பெண்களில் 12 அணி, அவ்வளவுதான். அந்த 12 யார் யார் என்று முடிவுசெய்யும் விதியும் ஒரே மாதிரி இருப்பதில்லை. டோக்கியோவுக்கு ஒரு கணக்கு, பாரிஸுக்கு வேறு கணக்கு, 2028 லாஸ் ஏஞ்சலீஸுக்கு இன்னொரு கணக்கு. அதனால் வாலிபாலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கே இதில் குழப்பம் வரும்.

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய ஆண்கள் அணி தென் கொரியாவை 3-2 என்று வென்றது. தென் கொரியா முந்தைய ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கிய அணி. அன்று இரவே நண்பர்கள் சிலர் எனக்கு போன் செய்து, "அப்போ நாம ஒலிம்பிக் போயிடுவோமா?" என்று கேட்டார்கள். அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தவர்களிடம் இல்லை என்று சொல்லவே மனசு வரவில்லை. ஆனால் விதி அப்படித்தான். ஆசிய விளையாட்டில் தங்கமே வாங்கினாலும் அதனால் ஒலிம்பிக் வாலிபாலில் இடம் கிடைக்காது. ஆசிய விளையாட்டு வேறு, ஆசிய வாலிபால் சாம்பியன்ஷிப் வேறு. இரண்டாவதுதான் உலக அளவிலான வாய்ப்புகளோடு தொடர்புள்ளது. முதலில் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் புரியும்.

ஒரு நாடு உள்ளே வர மூன்று வழிகள் உண்டு. போட்டியை நடத்தும் நாடாக இருக்க வேண்டும், அல்லது அதற்கென்று குறித்த ஒரு போட்டியில் ஜெயிக்க வேண்டும், அல்லது உலகத் தரவரிசையில் மேலே இருக்க வேண்டும். எந்த வழிக்கு எத்தனை இடம் என்பதில்தான் ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் மாற்றம் வருகிறது.

பாரிஸை எடுத்துக்கொள்வோம். நடத்தும் நாடு என்பதால் பிரான்ஸுக்கு ஆண்கள், பெண்கள் இரண்டிலும் நேராக இடம். பிரான்ஸின் பெண்கள் அணி ஒலிம்பிக்கில் ஆடியது அதுதான் முதல் முறை. அடுத்த 6 இடங்களுக்கு 2023 செப்டம்பர், அக்டோபரில் தகுதிச் சுற்று நடந்தது. 24 அணிகள், குழுவுக்கு 8 வீதம் மூன்று குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் எல்லாரும் எல்லாரோடும் ஆடி, முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் பாரிஸுக்கு. ஏறக்குறைய ஒரு வாரத்தில் 7 ஆட்டம். ஒரு நாள் சறுக்கினாலும் எழுந்திருப்பது கஷ்டம். 2022 உலக சாம்பியனான இத்தாலி ஆண்கள் அணிக்கே ரியோ நகரில் நடந்த குழுவில் இடம் கிடைக்கவில்லை. அங்கே ஜெர்மனியும் பிரேசிலும் முந்திக்கொண்டன.

டோக்கியோவில் நடந்த குழுவில் ஜப்பான் ஆண்கள் அணி சொந்த ரசிகர்கள் முன்னால் எகிப்தோடு ஆடியது. முதல் இரண்டு செட் ஜப்பானுக்கு. முடிந்தது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில் எகிப்து அடுத்த மூன்று செட்டையும் எடுத்துவிட்டது. அதன்பிறகு ஜப்பான் தேறி வந்து, ஸ்லோவேனியாவை நேர் செட்டில் (3-0) வென்று அமெரிக்காவோடு சேர்ந்து தகுதி பெற்றது. எகிப்தின் அந்த வெற்றியை நான் காரணத்தோடுதான் குறிப்பிடுகிறேன். கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

மீதி 5 இடங்கள் உலகத் தரவரிசைக்கு. 2024 ஜூனில் நேஷன்ஸ் லீக்கின் (முன்னணி நாட்டு அணிகள் ஆண்டுதோறும் மோதும் போட்டி) முதல்கட்ட ஆட்டங்கள் முடிந்த அன்றைய பட்டியல்தான் கணக்கு. ஆனால் பட்டியலில் மேலிருந்து ஐந்து பேரை அப்படியே எடுக்கவில்லை. எந்தக் கண்டத்திலிருந்து இன்னும் யாரும் வரவில்லையோ, அந்தக் கண்டத்தின் முதல் அணிக்கு முன்னுரிமை. ஆண்களில் ஆப்பிரிக்காவிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை, அதனால் எகிப்து உள்ளே வந்தது. மற்ற நான்கு இடம் ஸ்லோவேனியா, இத்தாலி, செர்பியா, அர்ஜென்டினாவுக்குப் போனது. பெண்களில் ஆப்பிரிக்காவும் ஆசியாவும் விடுபட்டிருந்தன. கென்யா வந்தது, இத்தாலி, சீனா, ஜப்பான், நெதர்லாந்தும் வந்தன.

இதில் ஒரு சண்டை எப்போதும் உண்டு. தரவரிசையில் எகிப்தைவிட மேலே இருந்த அணிகள் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தன. எகிப்தும் கென்யாவும் பாரிஸில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அப்படியிருக்க இந்தக் கண்ட ஒதுக்கீடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டோக்கியோவில் இரண்டு செட் பின்தங்கியிருந்து ஜப்பானை வீழ்த்திய அதே எகிப்துதான் இது. பெரிய அணிகளோடு அடிக்கடி ஆட வாய்ப்பில்லாத நாட்டுக்கு இந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டால், அது எங்கே ஆடித் தேறும்?

சரி, தரவரிசை என்று சொல்கிறோமே, அது எப்படிப் போடப்படுகிறது? இதுதான் பலருக்கும் புரியாத இடம். இப்போதைய முறை 2020-இல் வந்தது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் புள்ளி மாறும். ஜெயித்தவருக்கு எவ்வளவு ஏறுகிறதோ, தோற்றவருக்கு அவ்வளவு இறங்கும். எவ்வளவு என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கும்: ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளின் புள்ளியில் இருந்த இடைவெளி, எத்தனை செட்டில் ஆட்டம் முடிந்தது, அது எந்தப் போட்டி என்பது.

போட்டிக்கு ஒரு எடை உண்டு. ஒலிம்பிக்குக்கு 50, உலக சாம்பியன்ஷிப்புக்கு 45, நேஷன்ஸ் லீக்குக்கு 40. சின்னப் போட்டிகளுக்கு இது வெகுவாகக் குறையும். சம பலமுள்ள இரண்டு அணிகள் நேஷன்ஸ் லீக்கில் மோதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 3-0 என்று ஜெயித்தால் 10 புள்ளி ஏறும். 3-1 என்றால் ஏழரை. 3-2 என்றால் 5 மட்டும். அதே 3-0 ஒலிம்பிக்கில் வந்தால் பன்னிரண்டரை. பலசாலி அணி, தன்னைவிட ரொம்பக் கீழே இருக்கும் அணியை 5 செட் வரை இழுத்து ஜெயித்தால் கையில் ஏறக்குறைய ஒன்றும் தேறாது. ஏனென்றால் அந்த அணி 3-0 அல்லது 3-1 என்று முடிக்கும் என்றுதான் கணக்கு எதிர்பார்க்கிறது. மறுபக்கம், சின்ன அணி பெரிய அணியை வென்றால் புள்ளி அள்ளிக்கொண்டு போகும்.

இந்தக் கணக்கு களத்தில் என்ன செய்யும் என்பதை ஜப்பான் பெண்கள் அணியிடம் பார்க்கலாம். 2023 தகுதிச் சுற்றில் துருக்கி, பிரேசிலுக்கு அடுத்து மூன்றாவது வந்து வாய்ப்பைத் தவறவிட்டார்கள். பிரேசிலிடம் கடைசி நாளில் 2-3 என்று தோற்றது அவர்களைக் கலங்கவைத்தது. அதன்பிறகு ஒன்பது மாதம் தரவரிசையைப் பார்த்துக்கொண்டே காலம் போனது. 2024 ஜூன் 14, நேஷன்ஸ் லீக், ஃபுகுவோக்கா மாகாணத்தில் கனடாவோடு ஆட்டம். ஆட்டத்தில் ஜப்பான் 2-3 என்று தோற்றது. ஆனாலும் பாரிஸ் இடம் அன்றைக்கே உறுதியானது, ஏனென்றால் அவர்கள் எடுத்த அந்த இரண்டு செட்டே போதுமானதாக இருந்தது. நேர் செட்டில் தோற்றிருந்தால் இறங்கும் புள்ளி அதிகம். இரண்டு செட் எடுத்துத் தோற்றதால் இறங்கியது குறைவு. தோற்ற ஆட்டத்தில் எடுத்த செட்டுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பது தெரிந்தால், ஏற்கெனவே கைநழுவிய ஆட்டத்திலும் ஏன் அப்படி உருண்டு புரண்டு பந்தை எடுக்கிறார்கள் என்பது விளங்கும்.

இந்த முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நேஷன்ஸ் லீக்கில் இப்போது 18 அணிகள்தான். முதல்கட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் 12 ஆட்டம். அத்தனையும் எடை 40 உள்ள ஆட்டங்கள். வெளியே இருக்கும் நாடுகள் வருஷம் முழுக்க ஆடினாலும் அவ்வளவு எடையுள்ள ஆட்டம் அவர்களுக்குக் கிடைப்பது அபூர்வம். அதாவது மேலே இருப்பவர்களுக்குப் புள்ளி ஏறவும் இறங்கவும் மேடை இருக்கிறது, கீழே இருப்பவர்களுக்கு அந்த மேடையே இல்லை. தரவரிசையை மட்டும் நம்பினால் இந்தியா, இலங்கை போன்ற நாடுகளுக்கு விடிவு ரொம்ப தூரம்.

அதனால்தான் 2028 லாஸ் ஏஞ்சலீஸ் விதி வந்தபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. அமெரிக்காவுக்கு நடத்தும் நாடு என்ற முறையில் ஒரு இடம். 2026 கண்ட சாம்பியன்ஷிப்களில் இருந்து கண்டத்துக்கு ஒன்றாக 5 இடம். 2027 உலக சாம்பியன்ஷிப்பில், அதுவரை தகுதி பெறாத அணிகளில் முன்னிலை பெறும் மூன்றுக்கு 3 இடம். கடைசி 3 இடம் உலகத் தரவரிசைக்கு. கூட்டிப் பார்த்தால் 12. பாரிஸுக்கு 5 இடம் கொடுத்த தரவரிசைக்கு இப்போது 3தான். கண்ட சாம்பியனுக்கு நேர்வழி திறந்திருக்கிறது.

இது புதிய யோசனை இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் கண்டத்துக்கு ஒரு இடம் இருந்தது. 2020 ஜனவரியில் தனியாகத் தகுதிப் போட்டி வைத்தார்கள். ஆசியாவில் ஈரான் ஆண்களும் தென் கொரியப் பெண்களும், ஆப்பிரிக்காவில் துனிசியா ஆண்களும் கென்யப் பெண்களும் அப்படித்தான் வந்தார்கள். ஐரோப்பாவில் ஆண்களுக்கு ஒரே ஒரு இடம் மிச்சம். பெர்லினில் நடந்த போட்டியில் பிரான்ஸ் அரையிறுதியில் ஸ்லோவேனியாவிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்து, பிறகு 3-2 என்று மீண்டது. இறுதியில் ஜெர்மனியை அதன் சொந்த மண்ணில் 3-0. அப்படிக் கடைசி நேரத்தில் உள்ளே வந்த அந்த அணிதான் டோக்கியோவில் தங்கம் வாங்கியது.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிடைக்கும் இடம் நாட்டுக்குத்தான், ஆடி வென்ற வீரர்களுக்கு இல்லை. தகுதிச் சுற்றில் ஆடியவர்களையே அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அந்த நாட்டு ஒலிம்பிக் கமிட்டி "வருகிறோம்" என்று உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் வேறு நாட்டுக்குப் போய்விடும்.

உலக சாம்பியன்ஷிப்புக்கு வழி கொஞ்சம் அகலம். 2025-இல் அதை 24-இலிருந்து 32 அணிகளாகக் கூட்டினார்கள். இனி இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும். நடத்தும் நாட்டுக்கு ஒன்று, நடப்புச் சாம்பியனுக்கு ஒன்று, 5 கண்டங்களின் சாம்பியன்ஷிப்பிலும் முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்கு 15, தரவரிசைக்கு 15. முதல் மூவரில் ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருந்தால் அடுத்தவருக்கு அடிக்கும் யோகம். 2023 ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப்பில் வியட்நாம் நான்காவதுதான் வந்தது. ஆனால் தங்கம் வாங்கிய தாய்லாந்துதான் 2025 போட்டியை நடத்தும் நாடு, அதனால் வியட்நாம் வரலாற்றில் முதல் முறையாக உலக சாம்பியன்ஷிப் போனது. ஆண்களில் நடத்தும் நாடு பிலிப்பைன்ஸ். தரவரிசை வழியே வந்திருக்க வாய்ப்பே இல்லாத அணி. வந்த இடத்தில் எகிப்தை 3-1 என்று வென்று, ஈரானை 5 செட் வரை இழுத்துத் தோற்றது.

இந்திய ஆண்கள் அணி 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளி, 1986 சியோலில் வெண்கலம் வாங்கிய அணி. ஆனால் ஒலிம்பிக் வாலிபாலில் ஒரு முறைகூட ஆடியதில்லை. இலங்கையில் வாலிபால்தான் (அங்கே கரப்பந்தாட்டம் என்பார்கள்) தேசிய விளையாட்டு; அவர்களுக்கும் இதே நிலைதான். இரண்டு நாட்டுக்கும் இன்றைக்கு எட்டிப் பார்க்கக்கூடிய வழி ஆசிய சாம்பியன்ஷிப். அங்கே தங்கம் என்றால் ஜப்பான், ஈரானைத் தாண்ட வேண்டும், அது பெரிய மலை. ஆனால் 2025 கணக்குப்படி வெண்கலமே உலக சாம்பியன்ஷிப்புக்குப் போதும். 2023-இல் ஈரானின் உர்மியா நகரில் ஜப்பான் தங்கமும் ஈரான் வெள்ளியும் எடுத்தன. வெண்கலத்தோடு உலக சாம்பியன்ஷிப் இடத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனது கத்தார்.